போசாக்குக் கையேட்டில் உணவின் பெயர்: கொழும்பில் மொழிபெயர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஆங்கிலத்திலிருந்தோ சிங்களத்திலிருந்தோ தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்குபவர்களின் கைக்கு விரைவிலேயே வந்து சேருவது சுகாதாரத் துண்டுப்பிரசுரம். கர்ப்பிணித் தாய்க்கான உணவு, நீரிழிவு உள்ளவருக்கான உணவு, பாடசாலைப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி என்று தலைப்பு மாறும்; பக்கம் இரண்டோ நான்கோ இருக்கும். வாக்கியங்கள் எளியவை, ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். நேரத்தை விழுங்குபவை உணவுப் பெயர்கள். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். கிளினிக்கில் அந்தத் தாளை வாங்கும் பெண் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மரக்கறிக் கடைக்குப் போகிறாள். கடையில் அவள் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பாளோ அந்தச் சொல் தாளில் இருக்கவேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: யார் வாசிக்கப்போகிறார்கள்?

வேலையை ஏற்கும்போதே இதைக் கேளுங்கள். கொழும்பின் தமிழ் வாசகர் ஒரே வகையினர் அல்லர். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்கள், கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் தலைமுறைகளாக வாழ்பவர்கள், மலையகத்திலிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள், மருதானை, தெமட்டகொடைப் பக்கத்து முஸ்லிம்கள், கிழக்கிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் என எல்லாரும் அதே தாளைத்தான் வாசிப்பார்கள். ஒரே மீனை யாழ்ப்பாணத்தார் அறக்குளா என்பார், கொழும்புச் சந்தையில் தோரா என்பார்கள், தமிழகத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர் வஞ்சிரம் என்பார். இத்தகைய இடங்களில் இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதத் தயங்காதீர்கள். "அறக்குளா அல்லது தோரா மீன்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் எவரும் தடுமாறமாட்டார்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை தமிழகத்துச் சொற்கள். தானியங்கி மொழிபெயர்ப்பும் அவற்றையே தருகிறது. முட்டைக்கோஸ் என்றால் இங்கே கோவா, பீன்ஸ் என்றால் போஞ்சி, கேழ்வரகு என்றால் குரக்கன், பப்பாளி என்றால் பப்பாசி, காய்கறி என்றால் மரக்கறி, கோதுமை மாவு என்றால் கோதுமை மா. இவற்றைத் தவறவிட்டால் வாசகருக்குத் தாள் அந்நியமாகத் தோன்றும். ஆயினும் பொருள் விளங்கிவிடும். ஒரே சொல் இங்கே ஓர் உணவையும் அங்கே வேறோர் உணவையும் குறிக்கும்போதுதான் ஆபத்து.

கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். காலிமுகத்திடலில் கடலை வாங்கினால் கையில் வருவது அவித்துத் தாளித்த கொண்டைக்கடலை. தமிழகத்தில் கடலை என்பது பெரும்பாலும் வேர்க்கடலை. நாம் கச்சான் என்று சொல்வது. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய்க்கு எழுதும் தாளில் "கடலையைத் தவிர்க்கவும்" என்று போட்டால், அவள் கொண்டைக்கடலையை நிறுத்திவிட்டுக் கச்சான் அல்வாவைக் கொடுக்கக்கூடும். முந்திரிகையும் இப்படித்தான். முந்திரி என்றதும் தமிழக வாசகர் நினைப்பது நாம் கஜு என்றும் மரமுந்திரிகை என்றும் சொல்லும் பருப்பை. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப்பழம் என்றால் திராட்சை, முந்திரிகை வற்றல் என்றால் உலர்ந்த திராட்சை. ஒவ்வாமை பற்றிய உரையில் முந்திரி, முந்திரிகை என்ற சொற்களைத் தனியே விடாதீர்கள். கஜு என்று எழுதினால் கொழும்பில் எல்லாருக்கும் விளங்கும், திராட்சை என்று எழுதினாலும் விளங்கும்.

சோளம் இங்கே மஞ்சள் முத்துகள் கொண்ட கதிர். தமிழகத்தில் அதை மக்காச்சோளம் என்பார்கள்; அவர்களுடைய சோளம் நம் இறுங்கு. தமிழகக் கையேடு ஒன்றிலிருந்து எண்களை எடுத்து நம் சோளத்துக்குப் பொருத்தினால், ஒரு தானியத்தின் சத்தை இன்னொன்றின் பெயரில் அச்சிட்டவர்கள் ஆவோம். சுண்டலும் இதே வகை. சிங்களத்தில் மல்லும் என்று வரும் கீரைக் கறியைக் கொழும்பில் பலர் கீரைச் சுண்டல் என்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் வறை என்கிறார்கள். தமிழகத்துச் சுண்டல் அவித்த பயறு அல்லது கொண்டைக்கடலை. "தினமும் ஒரு சுண்டல்" என்று மொட்டையாக எழுதினால் கீரையா பயறா என்று எவருக்கும் தெரியாது. "தேங்காய்ப்பூ சேர்த்த கீரைச் சுண்டல்" என்று எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் கவலைப்படுவது சர்க்கரையைப் பற்றி. இங்கே தேநீரில் போடும் வெள்ளைப் பொருள் சீனி. பொங்கலுக்குப் போடும் பழுப்பு நிறப் பொருள் சர்க்கரை. தமிழக நடையைப் பின்பற்றி "சர்க்கரையைக் குறையுங்கள்" என்று நீரிழிவுத் தாளில் எழுதினால், சீனிக்குத் தடையில்லை என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பள்ளி விஞ்ஞானம் நினைவில் உள்ளவர்கள் இன்னொரு தவறும் செய்வார்கள். நம் பாடநூல்கள் இரசாயனப் பொருளில் சீனி வகைகளை வெல்லம் என்று எழுதுகின்றன. அடுப்படியில் வெல்லம் என்றால் அது கட்டியாக இருக்கும் இனிப்பு. துண்டுப்பிரசுரத்தில் சீனி என்றே எழுதுங்கள். மற்றவற்றையும் தடுக்கவேண்டுமானால், மூல உரையை எழுதியவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, "சீனி, சர்க்கரை, பனங்கட்டி, கருப்பட்டி, தேன்" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் முறை நடைமுறையில் இருக்கிறது. போத்தலில் பார்க்கும் சொல்லையே உங்கள் தாளிலும் பார்த்தால் வாசகர் இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்வார்.

இரண்டாம் படி: உணவை அடையாளம் காணுங்கள், பிறகு பெயரிடுங்கள்

ஒவ்வோர் உணவுப் பெயருக்கும் மூன்று கேள்விகள். எந்தத் தாவரம் அல்லது விலங்கு? அதன் எந்தப் பகுதி? எந்த நிலை: பச்சையா, சமைத்ததா, உலர்த்தியதா, பேணியில் அடைத்ததா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள். தாவரப் பெயரில் ஐயம் வந்தால் அதன் இலத்தீன் அறிவியல் பெயரைப் பிடியுங்கள். மூன்று மொழிகளுக்கும் பொதுவான ஒரே பிடிமானம் அதுதான்.

ஸ்பினாச் என்ற ஆங்கிலச் சொல் நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பிய, அமெரிக்க உரைகளில் அது ஸ்பினேசியா ஒலரேசியா என்னும் குளிர்நாட்டுக் கீரை. கொழும்பில் ஆங்கிலம் பேசுபவர்கள் ஸ்பினாச் என்று சொல்வது சிங்களத்தில் நிவித்தி, தமிழில் பசளி எனப்படும் பசெல்லா ஆல்பாவை. இரண்டும் வேறு குடும்பங்கள். மூல உரை பொதுவாகக் கீரை சாப்பிடச் சொல்கிறது என்றால் பசளி என்று எழுதலாம், வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முருங்கையிலை ஆகியவற்றையும் சேர்க்கலாமா என்று கேட்கலாம். இரும்புச்சத்தின் அளவை எண்ணாகக் கொடுத்திருந்தால் அந்த எண்ணைப் பசளிக்கு மாற்ற உங்களுக்கு உரிமையில்லை. உரை எழுதியவரிடம் கேள்வி அனுப்புங்கள்.

யாம் என்பதும் அப்படியே. இலங்கை ஆங்கிலத்தில் மரவள்ளி, வற்றாளை, இராசவள்ளி, சிறுகிழங்கு எல்லாமே யாம் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அமெரிக்க உரையில் யாம் என்பது சில வேளைகளில் வற்றாளங்கிழங்கு மட்டும். மூல உரை விற்றமின் ஏ பற்றிப் பேசினால் அது அனேகமாகச் செம்மஞ்சள் சதையுள்ள வற்றாளை. வெள்ளைச் சதையுள்ளதில் அந்தச் சத்து மிகக் குறைவு. அங்கே நிறத்தையும் எழுதியாகவேண்டும்.

பலாவில் நிலைமை தலைகீழ். ஆங்கிலம் ஜாக்ஃபுரூட் என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும். சிங்களம் பொலொஸ், கொஸ், வரகா என்று பிரித்துச் சொல்லும். தமிழிலும் பலாப்பிஞ்சு, பலாக்காய், பலாப்பழம், பலாக்கொட்டை என்று நமக்குத் தெளிவான பெயர்கள் உண்டு. காயில் மாச்சத்து மிகுதி, பழுத்தபின் அது சீனியாக மாறுகிறது. நீரிழிவுத் தாளில் பலாக்காய் என்று வரவேண்டிய இடத்தில் பலாப்பழம் என்று வந்தால் ஆலோசனையே மாறிவிடும். ஆங்கிலப் பிரதியோடு சிங்களப் பிரதியும் இருக்கிறதா என்று எப்போதும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் மறைத்ததைச் சிங்களம் பல தடவை காட்டிக்கொடுக்கும்.

பிரவுண் ரைஸ் என்பதைச் சிவப்பரிசி என்று எழுதுவது பரவலான தவறு. முன்னது தவிடு நீக்காத, தீட்டாத அரிசி. நிறம் எதுவாகவும் இருக்கலாம். சிவப்பரிசியையும் நன்றாகத் தீட்டி விற்கிறார்கள். "தீட்டாத அரிசி" என்பதே பாதுகாப்பான தமிழ். கோர்ன்ஃபிளவர் என்பது பிரித்தானிய வழக்கிலும் நம் கடைகளிலும் சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெண்ணிற மாச்சத்து, அமெரிக்க உரையில் முழுச் சோளத்தை அரைத்த மா. உரை எந்த நாட்டினது என்று பார்த்தால் போதும். தேங்காய்ப்பால் வரும் இடங்களில் முதற்பாலா இரண்டாம் பாலா என்று பாருங்கள், கொழுப்பின் அளவு வெகுவாக வேறுபடும். பால், பாலுற்பத்திகள் என்ற தலைப்புக்குக் கீழே தேங்காய்ப்பால் தவறிக்கூட வந்துவிடக்கூடாது.

ஆங்கில உரையே மொழிபெயர்ப்பாக இருந்தால்

தொடக்கத்தில் பலர் யோசிக்காத விடயம் இது. சர்வதேச அமைப்புகளின் போசாக்கு உரைகளில் சில முதலில் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். இலத்தீன் அமெரிக்காவுக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. மத்திய அமெரிக்க, பனாமா போசாக்கு நிறுவனம் 1949 இல் குவாத்தமாலாவில் தொடங்கியது. இலத்தீன் அமெரிக்காவுக்கான உணவுச் சேர்மான அட்டவணை 1961 இலேயே வெளிவந்தது. அத்தகைய உரை ஆங்கிலம் வழியாக உங்களிடம் வரும்போது, ஸ்பானிய மொழிக்குள் நாட்டுக்கு நாடு இருக்கும் வேறுபாடுகள் ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் மறைந்து கிடக்கும். ஸ்பானிய மொழி கற்கத் தேவையில்லை. எங்கே சந்தேகப்படவேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பிளாத்தனோ என்பது ஸ்பெயினிலும் மெக்சிக்கோவிலும் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம். புவேர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் அது சமைக்கும் வாழை. பழத்தை அங்கே கினேயோ என்பார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இரண்டையுமே பிளான்டேன் என்று போட்டிருக்கலாம். கொழும்பின் பழைய ஆங்கிலத்திலோ பிளான்டேன் என்றால் வாழைப்பழம், அதனால்தான் சமைக்கும் காய்க்கு ஆஷ் பிளான்டேன் என்று தனிப்பெயர். ஆகவே சமையல் முறையைப் பாருங்கள். வேகவைக்கச் சொன்னால் வாழைக்காய், உரிக்கச் சொன்னால் வாழைப்பழம்.

பீன்ஸ் இன்னும் கவனிக்கவேண்டியது. மெக்சிக்கோவின் ஃபிரிஹோல் உலர்ந்த விதை. ஸ்பெயினின் ஹுதியாஸ் வெர்தெஸ் பச்சைக் காய். ஹபிச்சுவேலா என்ற சொல் புவேர்ட்டோ ரிக்கோவில் உலர்ந்த விதையையும் கொலம்பியாவில் பச்சைக் காயையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் வெறுமனே பீன்ஸ் என்று கண்டவுடன் போஞ்சி என்று எழுதிவிடாதீர்கள். போஞ்சிக்காயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் புரதம், உலர்ந்த அவரை விதையில் 20 கிராமுக்கு மேல். பக்கத்தில் உள்ள எண்ணே எது என்று சொல்லிவிடும். டோர்ட்டில்லா மெக்சிக்கோவில் சோள ரொட்டி, ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடித்த ஒம்லெட். மெக்சிக்கோவின் லிமோன் நம் தேசிக்காய்தான். யூக்கா என்று தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் பெயர் இரண்டு தாவரங்களுக்கு உரியது. ஆங்கில எழுத்தில் ஒற்றை சி உள்ளது மரவள்ளி, இரட்டை சி உள்ளது அலங்காரச் செடி. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடும் வழக்கமும் ஸ்பெயினிலும் பல தென் அமெரிக்க நாடுகளிலும் உண்டு. அட்டவணையில் 2,5 என்று இருந்தால் அது இரண்டரை.

சத்துகளின் பெயர்கள்

இங்கே வேலை ஒப்பீட்டளவில் சுலபம், ஏனென்றால் மூன்று மொழிகளிலும் பாடநூல்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல் ஆகிய நூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கம் வைத்து வாசியுங்கள். போசணை, காபோவைதரேற்று, விற்றமின், கனியுப்பு, நிரம்பிய கொழுப்பு, மந்தபோசணை எல்லாம் அங்கே கிடைக்கும். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் உதவும். பாடநூல் சொல்லை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அறுபது வயது வாசகருக்குக் காபோவைதரேற்று என்ற சொல் எதையும் சொல்லாது. "சோறு, பாண், இடியப்பம், கிழங்கு போன்ற மாச்சத்து உணவுகள்" என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டு அப்பால் செல்லுங்கள்.

சில சொற்கள் கண்ணை ஏமாற்றும். ஃப்ரீ சுகர்ஸ் என்பதை இலவசச் சீனி என்று தானியங்கி தந்துவிடும். உணவில் சேர்க்கப்படும் சீனியும், தேன், பாணி, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக உள்ள சீனியும் அதன் பொருள். அதை அப்படியே விளக்கமாக எழுதுங்கள். "சீனி சேர்க்கப்படாதது" என்பதும் "சீனி அற்றது" என்பதும் ஒன்றல்ல. பழச்சாறு முதலாவதாக இருக்கலாம், இரண்டாவதாக இருக்க முடியாது.

எண்கள், அளவுகள்

உப்பு வேறு, சோடியம் வேறு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினால் பிழை இரண்டரை மடங்கு. மில்லிகிராம், மைக்ரோகிராம் இரண்டையும் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள், மி.கி., மை.கி. என்ற சுருக்கங்கள் சிறிய எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். கிலோகலோரியும் கிலோஜூலும் வந்தால் எந்த எண் எந்த அலகுக்கு உரியது என்று இருமுறை பாருங்கள். ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல்.

சமைத்த நிலையும் எண்ணோடு ஒட்டிக்கொண்டே வரவேண்டும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 360 கிலோகலோரி, 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130. ரைஸ் என்ற ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் பொது. தமிழில் அரிசி, சோறு என்று நமக்கு இரண்டு சொற்கள் இருப்பது பெரிய வசதி. பருப்பிலும் இதே கவனம் தேவை. மேலும் இங்கே பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு, தமிழகத்தில் பெரும்பாலும் துவரம் பருப்பு.

கப் என்பது அமெரிக்க உரையில் ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. கோப்பை என்று மட்டும் எழுதாமல் பக்கத்தில் மில்லிலீற்றரும் எழுதுங்கள். சுண்டு வடக்கில் எல்லார் வீட்டிலும் புழங்கும் அளவைதான், ஆனால் கணக்குப் பார்க்கவேண்டிய தாளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

சந்தைக்குப் போங்கள்

வரைவு முடிந்ததும் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தைக்கோ, உலர் உணவென்றால் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கோ போங்கள். பொருளைக் கையால் காட்டாமல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் எடுத்துத் தருவது நீங்கள் நினைத்ததுதானா என்று பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளையும் குறித்துக்கொள்ளுங்கள். "எந்த வாழை, கதலியா கப்பலா?" என்று அவர் கேட்டால் உங்கள் உரையில் அந்தத் தெளிவு தேவையா என்று யோசிக்கவேண்டும். அகராதிகள் தராத பல விடைகளைக் கீரை விற்கும் பெண்களிடம் நான் பெற்றிருக்கிறேன். அவர்கள் மூன்று மொழிகளிலும் பெயர் சொல்வார்கள், எதை எப்படிச் சமைப்பதென்றும் சொல்வார்கள்.

அடுத்து, வாசகர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து உரையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மருத்துவமாதுவிடமும் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் விளங்கியது என்றே சொல்வார்கள். "இதைப் பார்த்து நாளைக்கு என்ன வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள்.

சொற்பட்டியலும் அச்சும்

ஒவ்வொரு வேலையிலும் ஒரு சொற்பட்டியலை வளர்த்துவாருங்கள்: ஆங்கிலப் பெயர், சிங்களப் பெயர், அறிவியல் பெயர், தெரிந்தெடுத்த தமிழ்ப் பெயர், பிற வழக்குகள், ஏன் இதைத் தெரிந்தெடுத்தீர்கள் என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். இலங்கைக்கு வெளியே வளர்ந்த ஒரு திருத்துநர் போஞ்சியைப் பீன்ஸ் என்று மாற்றச் சொல்லும்போது பதில் சொல்ல உங்களுக்கு அது வேண்டும். ஒப்படைக்கும்போது உரையோடு பட்டியலையும் அனுப்புங்கள்.

அச்சுக்குப் போகுமுன் வடிவமைத்த பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கொழும்பின் அச்சகங்கள் சில இன்னும் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. யுனிகோட்டிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியோ விடுபட்டோ, கோவா காவா ஆகிவிடும். படங்களையும் பாருங்கள். வடிவமைப்பாளர் இணையத்திலிருந்து எடுத்த படம், நீங்கள் பசளி என்று எழுதிய இடத்தில் ஐரோப்பியக் கீரையைக் காட்டிக்கொண்டிருக்கலாம். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார். ஆகவே பொருத்தமான படம் கிடைக்கவில்லை என்றால் சந்தையில் நீங்களே கைப்பேசியில் எடுத்து அனுப்பிவிடுங்கள்.